படம் வந்தது, புள்ளி வரவில்லை: பழைய மானிட்டரைப் புதிய கணினியில் மாட்டிய ஒரு நிகழ்வு

மும்பை தாராவியில் 90 அடி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் சின்னக் கடை ஒன்று இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் தொடங்கி அடுத்த தை முடியும்வரை அங்கே நடந்ததை எழுதுகிறேன். நான் அதே பகுதியில் கணினி, பிரிண்டர் பழுது பார்ப்பவன். கடைக்காரரிடமும் அங்கே வேலை செய்பவர்களிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன்.

பழைய மானிட்டரைப் புதிய கணினியில் மாட்டுவது ஐந்து நிமிட வேலை என்றுதான் நினைப்போம். இந்தக் கடையில் அது நாலு வாரம் இழுத்தது. ஒரு குடும்பத்தின் பத்திரிகைக் கட்டு முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று. அதைவிட, நல்ல பார்வை உள்ள ஒருவர் தன் கண்ணையே சந்தேகப்படும்படி ஆயிற்று. எழுதி வைக்கத் தோன்றியது அதனால்தான்.

## பின்னணி

கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். சந்தில் எல்லோருக்கும் அண்ணாச்சி. டிசைன் போடுவது 22 வயதுப் பையன். புரூஃப் பார்ப்பது ஒரு டீச்சர். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 67. இரண்டு கண்ணிலும் புரை அறுவை செய்து லென்ஸ் வைத்திருக்கிறார். அந்தக் கடைப் பத்திரிகையில் எழுத்துப் பிழை இருக்காது என்று தாராவித் தமிழர்கள் நம்புவதற்கு அவர்தான் காரணம்.

மானிட்டர் 19 அங்குலம். பின்பக்க லேபிளில் 2007 என்று இருக்கிறது. இப்போது வரும் அகலத் திரை போல் இல்லாமல் கிட்டத்தட்டச் சதுரமாக, 5:4 விகிதத்தில், 1280×1024 பிக்சலோடு இருக்கும் ரகம். இதை ஏன் தூக்கிப் போடவில்லை என்று கேட்பவர்களுக்கு அண்ணாச்சியிடம் தெளிவான பதில் உண்டு. மேசைக்கு இடது பக்கம் சுவர், வலது பக்கம் காகிதம் வெட்டும் மிஷின். நடுவில் இருக்கும் இடத்தில் இதுதான் உட்காரும். நான் அளந்தும் பார்த்தேன். இதன் காட்சிப் பரப்பு 376 மில்லிமீட்டர் அகலம், 301 மில்லிமீட்டர் உயரம். இப்போது கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 21.5 அங்குலத் திரை 476 அகலம், ஆனால் 268 தான் உயரம். பத்திரிகை நின்ற வாக்கில் இருப்பது. அதற்கு உயரம்தான் வேண்டும். போதாததற்கு, பழையதில் ஒரு பிக்சல் 0.294 மில்லிமீட்டர், புதியதில் 0.248. அதே எழுத்து பழையதில் பெரிதாகத் தெரியும். டீச்சருக்கு அது பழகிவிட்டது. என் கருத்தும் அதுவே: இந்த வேலைக்கு இந்தத் திரை நல்ல திரை.

மாற வேண்டியது கணினிதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பழைய கணினியில் விண்டோஸ் 11 ஏறாது. அது கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி அதில் இல்லை. மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஆனால் தை முகூர்த்தங்களுக்கான பத்திரிகை எல்லாம் மார்கழியில்தான் அடிபடும். கூட்டம் வருவதற்கு முன்னால் மாற்றிவிடலாம் என்று நவம்பர் கடைசி வாரத்தில் கையளவு மினி கணினி ஒன்று வாங்கினார்கள். அதன் பின்னால் மானிட்டர் மாட்ட இரண்டு துளை: ஒரு எச்டிஎம்ஐ, ஒரு டிஸ்ப்ளேபோர்ட். மானிட்டரிலிருந்து தொங்கிய கேபிளோ நீலத் தலை கொண்ட விஜிஏ.

விஜிஏ 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்தது. 15 பின், மூன்று வரிசை. 2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி ஆகியவை சேர்ந்து, 2015-க்குள் இதைப் படிப்படியாக விட்டுவிடப் போவதாக அறிவித்தன. 2015-இல் வந்த இன்டெல் ஆறாம் தலைமுறைச் சிப்பிலிருந்து விஜிஏ நேரடியாக வருவது நின்றது. ஆகவே புதுக் கணினியில் அந்தப் போர்ட் இல்லாததில் ஆச்சரியம் எதுவும் இல்லை. வாங்கும்போது யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

## முதல் மூன்று முயற்சிகள்

பையன் மாகிமில் ரயில் ஏறி கிராண்ட் ரோட்டில் இறங்கி, கணினிச் சாமான் கடைகள் இருக்கும் லேமிங்டன் ரோடு போனான். "விஜிஏ டு எச்டிஎம்ஐ" என்று கேட்டான். அங்கே விற்பவர் கேட்டதைக் கொடுத்தார். தப்பு அங்கேயே நடந்துவிட்டது. இந்தக் கன்வர்ட்டர்கள் ஒருவழிப் பாதை மாதிரி. கணினி அனுப்புகிறது, மானிட்டர் வாங்குகிறது. கணினிப் பக்கம் என்ன இருக்கிறதோ அதன் பெயர் முதலில் வர வேண்டும். இங்கே கேட்டிருக்க வேண்டியது "எச்டிஎம்ஐ டு விஜிஏ". பையன் வாங்கியது பழைய கணினியைப் புது டிவியில் மாட்டுவதற்கானது. அதன் விஜிஏ தலை மானிட்டரில் சரியாகப் பொருந்தியது, எச்டிஎம்ஐ கேபிளும் மறுபக்கம் சரியாக ஏறியது. பொருந்திவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. திரையில் "நோ சிக்னல்".

இரண்டாவது தடவை ஒன்றரை மீட்டர் கேபிள் ஒன்று வாங்கி வந்தான். ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை விஜிஏ. அதிலும் படம் இல்லை. அந்தக் கேபிளைப் பிற்பாடு நான் பிளேடால் கீறிப் பார்த்தேன். இரண்டு தலையிலும் சிப் எதுவும் கிடையாது, வெறும் கம்பி. எச்டிஎம்ஐயில் போவது டிஜிட்டல். விஜிஏயில் போவது சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஒவ்வொன்றாகக் கூடிக் குறையும் மின்னழுத்தம். நடுவில் அதை மாற்றிக் கொடுக்க ஒரு சிப் இருந்தே ஆக வேண்டும். வெறும் கம்பியால் அது நடக்காது. இப்படிப்பட்ட கேபிள்கள் இன்னும் விற்பனையில் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மூன்றாவதாக வந்தது விரல் நீள அடாப்டர்: ஒரு பக்கம் எச்டிஎம்ஐ தலை, மறுபக்கம் விஜிஏ துளை, நடுவில் சிப். பழைய நீலக் கேபிளை அதில் மாட்டியதும் படம் வந்துவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி. அன்று சாயங்காலமே கோவில் கோபுரப் படம் போட்ட பத்திரிகை ஒன்றை அந்தத் திரையில் செய்தார்கள்.

## அடுத்த ஒன்பது நாட்கள்

இரண்டாம் நாளே டீச்சர் சொல்லியிருக்கிறார்: "எழுத்து மேல புள்ளி இருக்கா இல்லையான்னே தெரியலை." பையனுக்குத் தெரிந்தது. அண்ணாச்சிக்கும் பெரிய எழுத்து எல்லாம் தெரிந்தது. சாயங்காலமானால் டீச்சருக்குத் தலைவலி. ஐந்தாம் நாள் அண்ணாச்சியே அக்கறையாகக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போய், புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். அதைப் போட்டும் தலைவலி போகவில்லை. "வயசாயிட்டுதுல்லா, இனி நான் வரலை அண்ணாச்சி" என்று டீச்சர் சொன்னதாகக் கேள்விப்பட்டபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் நடந்துகொள்ளவில்லை. திரையில்தான் படம் இருக்கிறதே, அப்புறம் குறை ஆளிடம்தானே இருக்க வேண்டும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். டீச்சர் உட்பட.

வேறு ஒன்றையும் பையன் கவனித்திருந்தான். பத்திரிகையில் வட்டமாகப் போட்ட சந்தனப் பொட்டு முட்டை வடிவத்தில் தெரிந்தது. அச்சில் சரியாக வந்ததால் விட்டுவிட்டான்.

ஒன்பதாம் நாள் அந்தத் தப்பு நடந்தது. 600 பத்திரிகை அடித்து, மஞ்சள் தடவும் நிலைக்குப் போனபோது மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டார்கள். கடைசிப் பக்கத்தில் 9 பாயின்ட் எழுத்தளவில் இருக்கும் உறவினர் வரிசையில் "தாய்மாமன்" என்பது "தாயமாமன்" என்று விழுந்திருந்தது. ய மேல் வைக்க வேண்டிய புள்ளி இல்லை. தாய்மாமன் முறைக்கு நம் வீடுகளில் இருக்கும் இடம் தெரிந்ததுதானே. பேச்சு கொஞ்சம் தடித்தது. அண்ணாச்சி தன் செலவில் மொத்தத்தையும் திரும்ப அடித்துக் கொடுத்தார்.

புள்ளியை விட்டது டைப் செய்த கை. அது எந்தக் கடையிலும் நடக்கும். அதைப் பிடிக்கத்தான் புரூஃப். வழக்கமாக லேசர் பிரிண்ட் எடுத்துக் காகிதத்தில் பார்ப்பார்கள். அந்த வாரம் கூட்டம் காரணமாகத் திரையிலேயே பார்த்து, படமாக வாட்சப்பில் அனுப்பிச் சம்மதம் வாங்கியிருந்தார்கள். வீட்டாரும் போனில் மேலோட்டமாகப் பார்த்துச் சரி சொல்லியிருந்தார்கள்.

## முதல் தடவை போய்ப் பார்த்தது

மறுநாள் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, மானிட்டர் செத்துப்போச்சு போல. புதுசு எது நல்லாருக்கும்னு சொல்லு" என்றார். கடைக்குப் போனதும் நான் மானிட்டரைத் தொடவில்லை. டீச்சரை உட்காரச் சொல்லி, அதே கோப்பைப் பையனின் போனில் திறந்து கையில் கொடுத்தேன். கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு உறவினர் வரிசை முழுவதையும் தடங்கல் இல்லாமல் வாசித்தார். நடுவில் நிறுத்தி, "இங்க ரெண்டு சுழி ன போட்டிருக்கான், மூணு சுழி வரணும்" என்று வேறொரு பிழையையும் காட்டினார். கண்ணில் குறை இல்லை என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. டீச்சர் முகத்தில் வந்த தெளிச்சியைப் பார்த்ததும், இதை ஒன்பது நாளைக்கு முன்பே யாராவது செய்திருக்கலாமே என்று தோன்றியது.

அப்புறம் திரை. டிசைன் போடும் மென்பொருளான கோரல்டிராவில் ஒரு வட்டம் போடச் சொல்லி, இரும்பு ஸ்கேலை வைத்து அளந்தேன். அகலம் 75 மில்லிமீட்டர், உயரம் 80. மானிட்டரின் மெனுவுக்குள் போய்ப் பார்த்தால் 1024×768, 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. கணக்கு பொருந்திவிட்டது. திரையில் இருப்பது 1280×1024 பிக்சல். 1024-ஐ 1280 ஆக இழுத்தால் 1.25 மடங்கு, 768-ஐ 1024 ஆக இழுத்தால் 1.33 மடங்கு. உயரம் கூடுதலாக இழுபடுகிறது. அதனால்தான் பொட்டு முட்டையானது. கூடவே, ஒரு பிக்சல் ஒன்றேகால் பிக்சலாக மாற முடியாதே, அதனால் பக்கத்துப் பிக்சல்களோடு கலந்து சாம்பலாகப் பரவும். 9 பாயின்ட் எழுத்தில் ஒற்றுக்கு மேல் உள்ள புள்ளி ஒன்றிரண்டு பிக்சல்தான். பரவினால் அது வெளுத்துக் காணாமல் போகும். ண-வின் மூன்று சுழியும் ன-வின் இரண்டு சுழியும் ஒரே மாதிரி கசங்கித் தெரியும். இங்கிலீஷ் மட்டும் டைப் செய்யும் அலுவலகத்தில் இது மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் போகலாம். தமிழில் உடனே அடிபடுகிறது.

சரி, கணினி ஏன் 1024×768-ஐ எடுத்தது? செட்டிங்ஸில் மானிட்டரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர்" என்று இருந்தது. பட்டியலில் 1024×768-க்கு மேல் எதுவும் இல்லை. ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஈடிஐடி என்று 128 பைட் அளவில் ஒரு ஜாதகம் இருக்கிறது: யார் செய்தது, எந்த வருடம், எந்த அளவு சரியாகப் பொருந்தும் என்று. கணினி அதைக் கேட்டு வாங்கித்தான் அளவைத் தீர்மானிக்கும். விஜிஏ கேபிளில் அந்தப் பேச்சு 12-வது, 15-வது பின்கள் வழியாக நடக்கிறது. கேபிளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ் வரிசையில் இரண்டாவது பின் படுத்துக் கிடந்தது. அதுதான் 12. மூன்று கன்வர்ட்டரையும் மாற்றி மாற்றிச் செருகியபோது எப்போதோ மடங்கியிருக்க வேண்டும். (நடு வரிசையில் ஒரு பின் இல்லாத கேபிள்கள் உண்டு, 9-வது இடம் காலியாக இருந்தால் அதைப் பழுது என்று எண்ண வேண்டாம்.) நிறம் கொண்டுபோகும் பின்கள் நன்றாக இருந்ததால் படம் வந்தது, ஜாதகம் மட்டும் போய்ச் சேரவில்லை.

## என்ன முடிவெடுத்தோம், ஏன்

புது மானிட்டர் வாங்குவதுதான் அண்ணாச்சியின் முதல் எண்ணம். நான் வேண்டாம் என்றேன். பழுது கேபிளில் இருக்கும்போது திரையை மாற்றுவது சரியில்லை. மேசையில் இடமும் இல்லை. கணினியில் 1280×1024-ஐக் கட்டாயமாகத் திணிக்கவும் வழி உண்டு. அதையும் செய்யவில்லை. அடுத்து யாராவது கணினியை ரீசெட் செய்தால் திரும்ப இதே கதைதான்.

மடங்கிய பின்னை, குச்சி இல்லாத மெக்கானிக்கல் பென்சிலின் நுனியை மாட்டி மெதுவாக நிமிர்த்தினேன். பாதி நிமிர்ந்து ஒடிந்துவிட்டது. மும்பை ஈரத்தில் பல வருடம் இருந்த உலோகம். பையில் இருந்த வேறு விஜிஏ கேபிளை மாட்டியதும் மானிட்டரின் பெயர் செட்டிங்ஸில் வந்தது, 1280×1024 தானாகவே வந்து உட்கார்ந்தது. வினாடிக்கு எத்தனை தடவை படம் புதுப்பிக்கப்படுகிறது என்ற வேகத்தை 60 ஹெர்ட்ஸில் விட்டேன். 75-உம் கிடைத்தது. ஆனால் 60-இல் ஒரு வினாடிக்கு 10.8 கோடி பிக்சல் போக வேண்டும், 75-இல் 13.5 கோடி. சின்ன அடாப்டருக்கு அந்தச் சுமை எதற்கு? இது அசையாத எழுத்தைப் பார்க்கும் வேலை.

அடுத்து, மானிட்டர் படத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் ஆட்டோ அட்ஜஸ்ட் பட்டன். பலரும் வெறும் டெஸ்க்டாப்பை வைத்துக்கொண்டு இந்தப் பட்டனை அழுத்துவார்கள். விஜிஏயில் படம் வரி வரியாக வரும்; வரியின் எந்த இடத்தில் ஒரு பிக்சல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று மானிட்டர் ஊகிக்கத்தான் வேண்டும். இந்த அளவில், திரைக்கு வெளியே போகும் இடைவெளியையும் சேர்த்து ஒரு வரிக்கு 1688 துடிப்பு. அதை 1687 என்று ஊகித்தால் திரையில் நெடுக்கு வாக்கில் ஒரு மங்கல் பட்டை விழும். ஒரு பிக்சலுக்குக் கிடைக்கும் நேரம் 9.26 நானோ வினாடி. அதில் கொஞ்சம் முந்திப் பிந்தி எடுத்தாலும் எழுத்து ஓரம் அதிரும். அதனால், ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறி மாறி வரும் படத்தைத் திரை முழுக்க வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன். பட்டை மறைந்தது. வட்டம் வட்டமானது. டீச்சர் புள்ளிகளை எண்ணிச் சொன்னார். நான் கிளம்பிவிட்டேன்.

## இரண்டாவது தடவை

ஆறாம் நாள் டீச்சரே எனக்குப் போன் செய்தார். "தம்பி, காலையில நல்லாருக்கு. மத்தியானத்துக்கு மேல வலது ஓரத்துல எழுத்து நடுங்குது." இந்தத் தடவை அவர் கண்ணைப் பற்றிப் பேசவில்லை. எந்த நேரம், எந்த இடம் என்று தெளிவாகச் சொன்னார். பழுது பார்க்கிறவனுக்கு இதைவிட நல்ல தகவல் கிடைக்காது.

மத்தியானம் மூன்று மணிக்குப் போனேன். அடாப்டரைத் தொட்டால் சுட்டது. சூடேறச் சூடேற அந்த நானோ வினாடிக் கணக்கு நழுவுகிறது என்று நினைக்கிறேன். ஆட்டோ அட்ஜஸ்ட் அழுத்தினால் சரியாகி, மறுநாள் திரும்பவும் அதே நடுக்கம். நல்ல அடாப்டர் ஒன்று வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டே, கேபிள் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க மானிட்டரை ஒரு துண்டின் மேல் கவிழ்த்தேன். நீல விஜிஏ துளைக்குப் பக்கத்தில், பதினெட்டு வருடத் தூசி ஏறி உடலோடு உடலாக, ஒரு ரப்பர் மூடி. நகத்தால் நெம்பியதும் உள்ளே வெள்ளை நிறத்தில் டிவிஐ துளை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடி பளபளவென்று இருந்தது. யாரும் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை.

முதல் நாளே கவிழ்த்துப் பார்த்திருக்க வேண்டும். கேபிள் பழுது கையில் சிக்கியதும் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

டிவிஐ 1999-இல் வந்தது. இந்தத் துளை டிவிஐ-டி, அதாவது டிஜிட்டல் மட்டும். தட்டையான நீள இடுக்கைச் சுற்றி நாலு துளை இல்லாததை வைத்துக் கண்டுகொள்ளலாம். எச்டிஎம்ஐயும் இதுவும் படத்தை அனுப்பும் முறை ஒன்றே. அதனால் நடுவில் சிப் தேவையில்லை. ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை டிவிஐ உள்ள சாதாரணக் கேபிள் போதும். இரண்டாவது முயற்சியில் ஏமாற்றிய வெறும் கம்பி, இங்கே நியாயமாகவே வேலை செய்கிறது. ஒலி மட்டும் போகாது. இந்த மானிட்டரில் ஸ்பீக்கரும் இல்லை. பையன் மறுபடி லேமிங்டன் ரோடு போனான். இந்தத் தடவை இரண்டு துளையையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினான். கேபிள் முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. அதற்கு முன் வாங்கிய மூன்றையும் கூட்டினால் இதைப்போல நான்கு மடங்கு.

மாட்டியதும் அளவு தானாக வந்தது. ஆட்டோ அட்ஜஸ்ட் பட்டன் மெனுவில் மங்கிப் போயிருந்தது. ஊகிக்க எதுவும் இல்லையென்றால் சரிசெய்யவும் எதுவும் இல்லை. கணினி அனுப்பும் ஒவ்வொரு பிக்சலும் திரையில் தன் இடத்தில் போய் உட்கார்கிறது. எழுத்தின் ஓரம் பிளேடால் வெட்டியது போல் இருந்தது. டீச்சர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பழசுலயே இப்படி இருந்ததில்லப்பா" என்றார். உண்மைதான். பழைய கணினியும் விஜிஏ வழியாகத்தான் ஓடியது. பதினெட்டு வருடமாக அந்தத் திரை தன் முழுத் தெளிவைக் காட்டவே இல்லை.

## பிறகு நடந்தது

டீச்சர் அன்றைக்கே ஒரு சோதனைத் தாள் தயார் செய்தார். 9 பாயின்ட் அளவில், மேலிருந்து கீழாக ண ன ந, ல ள ழ, ர ற. பிறகு புள்ளி வைத்தும் வைக்காமலும் பதினெட்டு மெய். கடைசியில் "தாய்மாமன்" ஐந்து தடவை, அதில் மூன்றாவதில் மட்டும் புள்ளி இல்லாமல். தினமும் காலையில் அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வேலை தொடங்குகிறார். ஒரு மூலையில் வட்டமும் இருக்கிறது, அது பையன் சேர்த்தது.

மார்கழிக் கூட்டம் முழுவதும் அந்தத் திரையில்தான் ஓடியது. தை கடைசிவரை, பிழைக்காகத் திரும்ப அடித்த பத்திரிகை ஒன்றுகூட இல்லை. தலைவலி நின்றது. பழைய கண்ணாடியையே போட்டுக்கொள்கிறார். உறவினர் வரிசையை மட்டும் எவ்வளவு அவசரம் என்றாலும் காகிதத்தில் எடுத்துப் பார்ப்பது என்று அண்ணாச்சி வைத்துவிட்டார். வீட்டாருக்கும் வாட்சப் படத்தோடு சேர்த்து அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கித் தனியாக அனுப்புகிறார்கள்.

மானிட்டருக்கு வயதானதும் தெரிகிறது. குளிர்ந்த காலை நேரங்களில் வெளிச்சம் முழுதாக வர ஐந்தாறு நிமிடம் ஆகிறது. உள்ளே இருப்பது எல்இடி இல்லை, மெல்லிய டியூப் விளக்கு. அதில் கொஞ்சம் பாதரசம் உண்டு. அது போகும் நாளில் குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

## அடுத்த தடவை மாற்றிச் செய்வது

கணினி வாங்கப் போகும் முன்பே மானிட்டரைக் கவிழ்த்துப் பின்பக்கத்தைப் படம் எடுக்கச் சொல்வேன். மூடி, ஸ்டிக்கர், தூசி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு. டிவிஐ இருந்தால் அதோடு முடிந்தது. கணினியில் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் இருந்து, அதன் மேல் இரண்டு கூட்டல் குறியோடு அடையாளம் இருந்தால், அதிலிருந்தும் சின்ன அடாப்டர் போட்டு டிவிஐக்குப் போகலாம். விஜிஏ ஒன்றுதான் கதி என்றால் சிப் உள்ள அடாப்டர், புதுக் கேபிள், பின்கள் எல்லாம் நேராக இருக்கிறதா என்று ஒரு பார்வை. சில அடாப்டர்களில் யுஎஸ்பி வழியாகத் தனி மின்சாரம் கொடுக்க இடம் இருக்கும். எச்டிஎம்ஐ போர்ட் கட்டாயமாகத் தர வேண்டியது வெறும் 55 மில்லி ஆம்பியர்தான் என்பதால், நான் அந்த ரகத்தைத்தான் எடுப்பேன்.

படம் வந்ததும் கைகழுவாமல், அன்றே வட்டத்தை அளப்பேன், மெனுவில் எண்ணைப் பார்ப்பேன், கடையில் மிகச் சின்ன எழுத்தோடு மல்லுக்கட்டுகிறவரை உட்காரவைத்து வாசிக்கச் சொல்வேன். அவர் தெரியவில்லை என்றால், முதலில் போனிலோ காகிதத்திலோ அதையே காட்டிப் பார்ப்பேன். கண்ணாடிக் கடைக்குப் போவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

போன வாரம் அண்ணாச்சி, இந்த மானிட்டர் நின்றுபோனால் கைக்கு இருக்கட்டும் என்று அதே 5:4 அளவில் பழசு ஒன்று பார்க்கக் கிளம்பினார். டீச்சரும் கூடப் போனார். சோதனைத் தாள் பென் டிரைவில், எச்டிஎம்ஐ–டிவிஐ கேபிள் பையில். முதலில் காட்டிய இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூன்றாவதில் அந்தப் புள்ளி இல்லாத தாய்மாமனைக் கண்டுபிடித்த பிறகுதான் பணம் எண்ணச் சொன்னாராம்.